வவுனியாவில் வாடகையைக் குறைத்த விதம்

குருமன்காட்டு அனெக்ஸுக்கு (வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த சிறு வீடு) வாடகை ஏறிக்கொண்டே போனது. புரோக்கர் காட்டியதெல்லாம் அதே விலை. முகநூல் விளம்பரங்களில் பாதி ஏற்கெனவே போன வீடுகள். கடைசியில் கைகொடுத்தது, ஏ9 வீதியால் ஓமந்தைப் பக்கம் போய்ப் பலசரக்குக் கடைகளில் நேரே விசாரித்ததுதான். இப்போது பெரிய நிம்மதி.

முற்பணம் கொடுக்க முதல் கரண்ட் மீற்றரைப் பாருங்கள். வீட்டுக்காரரோடு ஒரே மீற்றர் என்றால் இரண்டு குடும்பத்து யூனிட்டும் சேர்ந்து மாதம் 60ஐத் தாண்டும். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடின விலை. சப் மீற்றர் போட்டாலும் பங்குதான் பிரியும், விலை இறங்காது. தனி மீற்றர் உள்ள வீடாகவே எடுத்தோம்.

கிணற்றுத் தண்ணீரையும் கேத்திலில் கொதிக்கவைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளை படிந்தால் அது சுண்ணாம்பு கூடின தண்ணீர்; குடிதண்ணீர் வாங்கும் காசையும் வாடகையோடு கூட்டியே கணக்குப் பார்க்கவேணும்.