பார்டர் டெரியருக்குக் கையால் முடி பறிப்பது எப்படி?

எங்கள் பார்டர் டெரியர் நாய்க்கு 2 வயதானபோது ஒரு கடையில் மெஷின் வைத்து முடியைக் குறைத்துவிட்டார்கள். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதங்களில் தென்னை நார் மாதிரி இருந்த முடி பஞ்சாகிவிட்டது; நிறமும் வெளுத்தது. மழையில் நனைந்தால் தோல்வரை ஈரம். அதன்பிறகு கையால்தான் பறிக்கிறேன்.

இந்த நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. மேலே முரட்டு முடி, கீழே மெத்தென்ற அடிமுடி. இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லையில் நரியைத் துரத்திக்கொண்டு வளைக்குள் புகுவதற்காக வளர்க்கப்பட்ட இனம் இது. மழையையும் முள்ளையும் தாங்குவது அந்த மேல்முடிதான். அதன் நுனிப்பக்கம் தடிப்பு, நல்ல நிறம். வேர்ப்பக்கம் மெலிந்து வெளிறியிருக்கும். வெட்டினால் நல்ல பாதி போய்விடும், செத்த பாதி தோலிலேயே தங்கிவிடும். வேரோடு பறித்தால்தான் அந்த இடத்தில் புது முரட்டு முடி முளைக்கும்.

முதலில், முடி பழுத்துவிட்டதா, அதாவது எளிதாகக் கழன்று வரும் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். பழுத்த முடி முதுகின் நடுவில் தானாக வகிடு பிரியும், அங்கங்கே கொத்தாக எழுந்து நிற்கும். தோளுக்குப் பின்னால் நாலைந்து முடியை மட்டும் பிடித்து இழுங்கள். தடையில்லாமல் கையோடு வந்து, நாயும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் தொடங்கலாம். வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். பழுக்காத முடியைப் பிடுங்கினால் வலிக்கும். அடுத்த முறை மேசையைக் கண்டாலே நாய் ஓடும்.

பறிப்பதற்கு முந்தைய சில நாட்கள் குளிப்பாட்ட வேண்டாம். ஷாம்பு போட்ட முடி வழுக்கும். ஒரு சீப்பு, பிடி வழுக்காமலிருக்க விரலில் தடவக் கொஞ்சம் சாக்பீஸ் தூள், காகிதம் புரட்டுகிறவர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை, இவ்வளவு போதும். பறிப்பதற்கென்று விற்கும் பற்கத்தியை இப்போதைக்கு வாங்காதீர்கள். பழகாத கையில் அது முடியைப் பறிக்காமல் அறுத்துவிடும்.

இடுப்பளவு உயரமுள்ள மேசையில் வழுக்காத விரிப்பைப் போட்டு நாயை நிறுத்துங்கள். நன்றாகச் சீவிச் சிக்கு எடுங்கள். இடது உள்ளங்கையால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். இந்த இனத்துக்குத் தோல் தளர்வானது, பிடிக்காவிட்டால் முடியோடு சேர்ந்து தோலும் வரும். வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சில முடிகளின் நுனியைப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே நேராக இழுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது, முழங்கையிலிருந்து கை முழுதும் பின்னால் வர வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் முடி வேரோடு வராமல் நடுவில் ஒடியும். பறித்ததை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்: கருத்த நுனியும் வெளிறிய அடியும் முழுதாகத் தெரிந்தால் கை சரியாகப் போகிறது.

கழுத்தின் பின்புறத்தில் தொடங்கி முதுகு, விலா, தொடை, வால் என்று இறங்குங்கள். அடிமுடி தெரிந்ததும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். தலையில் இரண்டு மூன்று முடியாக மெதுவாக எடுங்கள். வயிறு, கவட்டி, ஆசனவாய்ப் பக்கங்களில் பறிக்கவே வேண்டாம். அங்கெல்லாம் முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் தாராளம். இரண்டு வாரத்துக்குள் முழு உடலும் முடிந்தால் சரி. நாய் திரும்பத் திரும்ப உதட்டை நக்கினாலோ, தோல் சிவந்தாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். புண்ணோ சொறியோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் பறிப்பதெல்லாம். கருத்தடை செய்த நாய்களுக்கு முடி மென்மையாகிப் பறிக்கக் கடினமாவதுண்டு, அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

முடிந்தபின் நாய் பாதியாக மெலிந்ததுபோல் தெரியும். பயப்பட வேண்டாம். ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம். கடும் வெயிலில் விடாதீர்கள், குளிரில் மேல்துணி போடுங்கள். சில வாரங்கள் கழித்து முதுகில் வாலிலிருந்து கழுத்துப் பக்கமாக எதிர்த்துத் தடவிப் பாருங்கள். புது முடி அறுவடையான வயலின் தாள்போல் உள்ளங்கையில் குத்தும்.