புல்தரையில் கோரை: புல்லுக்குச் சேதமில்லாமல் களையை ஒழிக்கும் வழி

காவிரிப் படுகையில் இன்று வீடு நிற்கிற மனைகளில் பல, நேற்றுவரை வயலாகவோ வாய்க்கால் ஓரமாகவோ இருந்தவை. மனையை மேடாக்க அடிக்கிற மண்ணும் பெரும்பாலும் வயல் மண்தான். அந்த மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து இறங்கிவிடுகிறது. மேலே கொரியன் புல்லையோ மெக்சிகன் புல்லையோ பத்தை பத்தையாகப் பதித்துத் தண்ணீர் விட்டால், புல் வேர் பிடிப்பதற்குள் கோரை தலைநீட்டிவிடும். வெட்டினால் இரண்டே நாளில் புல்லைவிட ஒரு விரற்கடை உயரமாக, வெளிர்பச்சையாக மறுபடி நிற்கும். ஆள் விட்டுப் பிடுங்கினால் ஒன்று இருந்த இடத்தில் நான்கு வரும். புல்தரை வைத்திருப்பவர்களை மிகவும் சலிக்க வைக்கிற களை இதுதான். அதனால் முதலில் இதை விரிவாகப் பார்த்துவிடுவோம்.

எந்தக் கோரை என்று தோண்டிப் பாருங்கள்

தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். உருளாமல் மூன்று விளிம்பு கையில் தட்டுப்பட்டால் அது கோரை இனம். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். அடுத்து ஒரு செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வெறும் நார்வேர்க் கொத்து மட்டும் இருந்தால் அது விதையில் முளைக்கும் வயல்கோரை. பூ வருமுன் கையால் பிடுங்கினாலே அதன் கதை முடிந்தது. கம்பி போன்ற வேர்த்தண்டில் கறுத்த பழுப்பு நிறக் கிழங்குகள் மணி கோத்ததுபோல் வந்தால், கிள்ளிப் பார்த்ததும் வாசனை அடித்தால், அதுதான் நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கிற கோரைக்கிழங்கு. முசிறிப் பக்கம் பாய் நெய்யப் பயிரிடுகிற கோரை வேறு, இது வேறு.

கிழங்குச் சரத்தில் நுனிக்கிழங்கு உயிரோடு முளைவிட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் கொத்தினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ சரம் அறுந்து, உறங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முளை வெளியே வந்த மூன்று நான்கு வாரத்தில் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். ஆகையால் எந்த முறையில் இறங்கினாலும் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.

கையால் எடுக்கும் முறை

இரண்டு சென்டுக்குள், அதாவது ஆறு குழிக்குள் இருக்கிற புல்தரைக்கு மருந்தே வேண்டியதில்லை. முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். களிமண் கலந்த நம் வண்டல் காய்ந்தால் கல்லாகிவிடும். ஈரமில்லாமல் கை வைத்தால் தண்டு மட்டும் அறுந்து வரும். மறுநாள் காலையில் செடியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, குறுகிய களைக்கொத்தையோ நீளமான பெரிய திருப்புளியையோ செங்குத்தாக 15 சென்டிமீட்டர் இறக்கி, மண்ணை மெல்ல நெம்புங்கள். மண் இளகிய பிறகு செடியை அடியில் பிடித்து நேராக மேலே எடுத்தால் கிழங்கும் கூடவே வரும். வந்ததா என்று ஒவ்வொரு செடியிலும் பாருங்கள். வராவிட்டால் அந்தக் குழியிலேயே விரலை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். குழியைச் சலித்த மண்ணால் நிரப்பி, மிதித்து, சுற்றிலும் இருக்கிற புல்லை அதன்மேல் ஒதுக்கிவிடுங்கள். செடி மூன்று நான்கு இலை விட்டிருக்கும்போதே எடுப்பது நல்லது. அந்தப் பருவத்தில் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்திருக்கும், திரும்பச் சேர்த்திருக்காது.

ஒரே இடத்தில் அடர்த்தியாக இருந்தால் ஒவ்வொன்றாக எடுப்பதில் பயனில்லை. அந்தத் திட்டை விளிம்பில் ஒரு சாண் கூடுதலாகச் சேர்த்து, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணோடு வெட்டி வெளியேற்றி, சுத்தமான மண் நிரப்பிப் புதுப் பத்தை பதியுங்கள். பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியும். ஆறு மாதம் கொத்திக்கொண்டிருப்பதைவிட இது குறைவு.

எடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள், வாய்க்காலிலும் வீசாதீர்கள். ஈரத்தில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் அது, காய்ந்தால் தாங்காது. மண் உதறி மொட்டை மாடியில் பரப்பி, ஒடித்தால் உள்ளே வற்றிச் சுருங்கியிருக்கும்வரை காயவிட்டு அப்புறம் எரித்துவிடலாம்.

செய்யக்கூடாதவை

உப்புக் கரைசல், வினிகர் இரண்டையும் பரிந்துரைக்கும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. வினிகர் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. பக்கத்துப் புல்லும் சேர்ந்து கருகும். உப்பு அதைவிடக் கெடுதல். களிமண்ணில் உப்பு ஏறினால் மண்ணின் கட்டமைப்பு உடைந்து தண்ணீர் இறங்காமல் போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரே உவர்ப்பாக உள்ள ஊர்களில் உப்பைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

சம்பா வயலில் தண்ணீர் கட்டினால் இந்தக் கோரை அடங்குகிறதே, இங்கும் கட்டலாமா என்று கேட்பார்கள். வாரக்கணக்கில் மூழ்கக் கிடந்தால்தான் அடங்கும். அதற்குள் புல் அழுகிவிடும்.

கிளைபோசேட் புல், களை எல்லாவற்றையும் வேரோடு கொல்லும் மருந்து. 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி வீட்டுப் பக்கமே வரக்கூடாது. ஒரு வாய் உள்ளே போனாலும் முறிவு மருந்து கிடையாது.

மருந்துதான் வேண்டும் என்றால்

பரப்பு பெரிதாகி, கோரை எங்கும் பரவிவிட்டால் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் 75 சதவீதக் குருணை உதவும். கரும்பு வயலில் கோரைக்குத் தெளிக்கிற மருந்து இது. அருகம்புல், கொரியன் புல் இரண்டும் இதைத் தாங்கும். ஆனாலும் ஒரு சதுர மீட்டரில் அடித்து மூன்று வாரம் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். புல்லின் பெயரைக் கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பித் தெளிப்பது ஆபத்து.

அளவு ஏக்கருக்கு 36 கிராம். சென்டுக்குக் கணக்குப் போட்டால் 0.36 கிராம்தான். இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு சிட்டிகை என்று கண்ணளவில் போட்டால் நாலு மடங்கு விழுந்து புல் மஞ்சளித்து மாதக்கணக்கில் வளராமல் நின்றுவிடும். நகைக்கடைத் தராசில் சரியாக 1 கிராம் நிறுத்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 360 மில்லி எடுத்து 2 லிட்டராக்கினால் ஒரு சென்டுக்குப் போதும். மீதியை அன்றே மற்ற இடத்துக்குப் பயன்படுத்த வேண்டும். எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். கோரை இலை வழவழப்பானது, நீர் உருண்டு விழும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஒட்டுத் திரவத்தை டப்பாவில் சொன்ன அளவில் சேருங்கள். சோப்புத்தூள் இதற்குச் சரிப்படாது.

தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக்கூடாது, ஏனென்றால் மருந்து உள்ளே போவதற்கு இலைதான் வழி. செடி வாடியிருந்தாலும் ஏறாது. ஈரமிருந்து, தளதளவென்று வளர்கிற நேரமாகப் பாருங்கள். மழை வருகிற நாள் வேண்டாம். முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. பத்து நாளில் மஞ்சளித்து, மூன்று நான்கு வாரத்தில்தான் சாகும். பொறுமையில்லாமல் நாலாம் நாளே இன்னொரு முறை அடித்துப் புல்லைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. உறங்கிய கிழங்குகள் பிறகு முளைக்கும் என்பதால், ஆறு வாரம் கழித்து இரண்டாம் தெளிப்பு தேவைப்படும். புதிதாகப் பதித்த புல்லுக்கு மூன்று மாதம்வரை இதைக் காட்டவே கூடாது. ஐப்பசி அடைமழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் ஒரு சுற்று முடித்துவிடுவது நம் பக்கத்துக்குப் பொருந்தும். ஆடியில் வேண்டாம். அம்மியே பறக்கிற காற்றில் மருந்து எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

அகல இலைக் களைகள்

அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, சாரணை, நெருஞ்சி, கீழாநெல்லி இவையெல்லாம் மழைக்கு மறுநாள் ஆணிவேரோடு கையோடு வரும். பூ, காய் பிடிக்குமுன் எடுப்பது ஒன்றுதான் விதி. புளியாரை மட்டும் கொஞ்சம் படுத்தும்; காய் வெடித்து விதையைத் தெறிக்கவிடும், கணுவுக்குக் கணு வேர்விடும். சிறுபுள்ளடி தரையோடு படர்ந்து பாயாக விரிந்தால், புல்லை மிகத் தாழ வெட்டுகிறோம், தழைச்சத்தும் குறைவு என்று பொருள். அதைப் பிடுங்குவதைவிட உரமிட்டுப் புல்லை உயர விடுவதே பலன் தரும்.

கை ஓயும் அளவுக்கு இருந்தால் 2,4-டி அமைன் உப்பு 58 சதவீதம் என்ற களைக்கொல்லி, லிட்டருக்கு 2.5 மில்லி, களை மேல் மட்டும். எத்தில் எஸ்டர் வகை வாங்காதீர்கள். வெயிலில் ஆவியாகிப் பக்கத்துச் செடியைச் சுருட்டும். பருத்தி, தக்காளி, வெண்டை, முருங்கை, செம்பருத்தி எல்லாம் இந்த மருந்தின் வாடைக்கே இலை முறுக்கிக்கொள்ளும். மாசியிலிருந்து ஆடிவரை திருவாரூர், நாகைப் பக்கம் நெல் தரிசில் பருத்தி நிற்கும். பக்கத்துக் கொல்லைக்காரரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அகன்ற இலையுள்ள பஃபலோ புல் இந்த மருந்தைச் சரியாகத் தாங்காது. இதற்கு உபயோகித்த தெளிப்பானை வேறு செடிக்குத் தொடவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும்.

எந்த மருந்தானாலும் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அவசியம். தெளித்த தரையில் வெட்டிய புல்லை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டவும் சாறு பிழியவும் அருகம்புல் பறிக்கிற வீடுகளில், அதற்கென்று மருந்து படாத ஒரு மூலையை ஒதுக்கிவைத்தே ஆக வேண்டும். பொன்னாங்கண்ணி, வல்லாரை பறிப்பதும் அப்படியே.

கொரியன் புல்லுக்குள் அருகம்புல்

இதற்கு வீட்டில் நம்பி அடிக்கக்கூடிய மருந்து கிடையாது, இரண்டும் புல். ஓரத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓடோ கடப்பைக் கல்லோ செருகித் தடுப்பு வைத்து, உள்ளே வந்ததைக் கொடியோடு தொடர்ந்து எடுக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவிவிட்டால் விட்டுவிடுங்கள். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிற ஊரில் அருகை அழிக்க நினைப்பது வீண் செலவு. வெயிலையும் மிதியையும் தாங்குவதில் அதற்கு ஈடில்லை. அதையே புல்தரையாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

புல்லை அடர்த்தியாக்குவது

களை எடுத்த இடம் வெறுமையாகக் கிடந்தால் அடுத்த களை அங்கேதான் வரும். புல்லை 3 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மொட்டையடித்தால் வெயில் தரையைத் தொட்டு விதையெல்லாம் முளைக்கும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தினம் கொஞ்சம் தெளிப்பது கோரைக்கு விருந்து. கோடையில் மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் கணக்கு. மண் இறுகியிருந்தால் தோட்ட முட்கரண்டியால் அரை அடிக்கு ஒன்றாக 10 சென்டிமீட்டர் ஆழத் துளைகள் போட்டு, பருமணலைப் பெருக்கி உள்ளே இறக்குங்கள். பின் சென்டுக்கு 300 கிராம் யூரியா, ஈரமில்லாத இலைமேல் சீராகத் தூவி, உடனே தண்ணீர். இலையிலேயே விட்டால் கருகும்.

புதிதாகப் புல் போடுகிறவர்களுக்கு

பதிப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். சித்திரை, வைகாசியில் மண்ணைக் கொத்திச் சமன்செய்து, நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள நிறமற்ற பாலித்தீன் தாளை இழுத்துப் பரப்பி, ஓரங்களை மண்ணில் புதையுங்கள். கறுப்புத் தாள் போட்டால் கோரையின் கூர்முனை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆறு வாரம் கோடை வெயிலில் வெந்தால் மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பாலும் செத்துவிடும். ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கு தப்பும். அதனால் தாளை எடுத்ததும் புல் பதிக்காமல், இரண்டு முறை தண்ணீர் விட்டு, முளைப்பதைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிறகு பதியுங்கள்.

மக்காத தொழுவுரம் வேண்டவே வேண்டாம். மாடு தின்ற களையின் விதை அதில் அப்படியே இருக்கும். நர்சரியில் பத்தை வாங்கும்போது நாலைந்தைத் திருப்பி அடிமண்ணைக் கிள்ளிப் பாருங்கள். கறுத்த கிழங்கு ஒன்று தட்டுப்பட்டாலும் அந்தச் சரக்கை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.