தில்லிக் குளிரில் ஒட்டுத்துணி ரஜாய்க்கு டிசைன் பிடிப்பது எப்படி: மார்கழிக் கோலத்திலிருந்து ஆரம்பிக்கலாம்

நவம்பர் கடைசியில் எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பக்கம் பஞ்சு அடிப்பவர் வந்து, நடைபாதையில் பழைய ரஜாய்களை (பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளை)ப் பிரித்துப் போட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் குளிர் வந்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் பிப்ரவரி பாதி வரை அது நகராது. நடுவில் மூடுபனியில் சூரியனையே பார்க்காத நாட்கள் வேறு வரும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த வாரங்களில்தான் நான் ஒட்டுத்துணி ரஜாய் தைக்கிறேன்.

போன குளிர்காலத்தில் மெஷின் எண்ணெய் போட்டுத் தயார், டிரங்குப் பெட்டி நிறையத் துணி தயார், ஆனால் என்ன தைப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வாரம் போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்தேன், நானூறு படம் சேமித்து வைத்தேன், ஒரு தையல்கூடப் போடவில்லை. எல்லாம் வேறு யாரோ, வேறு துணியில், வேறு வெளிச்சத்தில் தைத்தவை. என் பெட்டியில் இருக்கும் சுங்குடிக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வருஷம் வழி பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

மெஷினில் நேராகத் தைக்கத் தெரியும், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இது டிசைன் பிடிப்பது பற்றி மட்டும்.

1. படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

குளிரும் மார்கழியும் ஒன்றாக வருவது நமக்கு வசதி. வாசலில் இடம் இல்லாவிட்டாலும் நோட்டில் போடலாம். சிக்குக் கோலம் வேண்டாம், வளைவுகளைத் துணியில் தைப்பது ஆரம்பத்தில் பெரும்பாடு. நேர்கோட்டுக் கோலமாக எடுங்கள்.

நேர்ப்புள்ளிக் கோலம் (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி) என்றால் சதுரமும், சதுரத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணமும் கிடைக்கும். ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி) என்றால் நட்சத்திரமும் அறுகோணமும் கிடைக்கும். எனக்கு ஊடுபுள்ளிதான் பிடிக்கும், அதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

ஊடுபுள்ளி 5, 3 வரை. அதாவது 3, 4, 5, 4, 3 என்று மொத்தம் 19 புள்ளி. பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் பென்சிலால் சேர்த்துவிடுங்கள். ஒரு அறுகோணம், அதற்குள் 24 சின்ன முக்கோணங்கள் வரும். ஆறு பக்கங்களிலும் நடுவில் இருக்கிற புள்ளிகளை நுனியாக வைத்துப் பார்த்தால் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். அதற்கு 12 முக்கோணம், பின்னணிக்கு 12.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த 24 முக்கோணத்தையும் புள்ளி வரிசைக்கு இடையில் பார்த்தால் மேலிருந்து கீழே 5, 7, 7, 5 என்று நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகத் தைத்து, நான்கையும் நேர்த்தையலில் இணைத்துவிட்டால் நட்சத்திரம் முடிந்தது. மூலையில் திரும்பித் தைக்கிற வேலையே கிடையாது. பாட்டி புள்ளி வைத்த வரிசைதான் நமக்குத் தையல் வரிசை.

நோட்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆப் வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். ஊடுபுள்ளிக்கு முக்கோணப் புள்ளித் தாளைப் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலர் பென்சிலை இப்போது தொடாதீர்கள்; ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

2. கோடு போய்விடும் (நான் தடுக்கி விழுந்த இடம்)

கோலத்தில் நாம் பார்ப்பது கோட்டை. துணியில் கோடு என்று ஒன்று இல்லை. கோடு இருந்த இடத்தில் தையல் வந்து, அது மடிந்து உள்ளே போய்விடுகிறது. மிஞ்சுவது கோடுகளுக்கு நடுவில் இருந்த இடம் மட்டும், அதாவது துணித் துண்டு. இது எனக்கு உறைக்க ஒரு முழு நட்சத்திரம் தைக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை அரக்குக் கலர் செட்டிநாடு காட்டனில் நட்சத்திரம், பாட்டில் பச்சையில் பின்னணி. சேலையில் இந்த இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு அழகு! இரண்டு நாள் உட்கார்ந்து தைத்து, முனையெல்லாம் சரியாகச் சேர்ந்து, சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஏதோ கறுப்பாக ஒரு அறுகோணம் தொங்குகிறது. நட்சத்திரத்தைக் காணோம். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, செம்மண் தரையில செம்மண்ணைக் கரைச்சே கோலம் போட்டா கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் விஷயம். கோலம் தெரிவது தரை கறுப்பாகவும் மாவு வெள்ளையாகவும் இருப்பதால். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம்தான், ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு இருட்டு. உருவத்தைப் பிரித்துக் காட்டுவது நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டும்தான்.

இப்போது நான் செய்வது இது. பெட்டியில் உள்ள துணியையெல்லாம் கட்டில் மேல் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுக்கிறேன். படத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரிக்கிறேன்: வெளிர், நடுத்தரம், இருட்டு. கண்ணை நம்பிப் பிரித்தால் தப்பு வரும். நான் வெளிர் என்று நினைத்த ஆரஞ்சு புடவை படத்தில் நடுத்தரமாகத்தான் இருந்தது. வெளிர் குவியல் எப்போதும் குறைவாகவே இருக்கும். அப்பாவின் பழைய வேட்டி அங்கேதான் கைகொடுத்தது. துணி மெல்லிசு, அதனால் இரண்டாக மடித்து வைத்துத் தைத்தேன்.

சுங்குடியில் புள்ளி வெள்ளையாக இருந்தாலும் தூரத்தில் பார்த்தால் இருட்டுதான், இருட்டுக் குவியலில் போடுங்கள். கட்டம் போட்ட துணிதான் தொந்தரவு. ஒரே கட்டத்தில் மாம்பழ மஞ்சளும் அரக்கும் இருந்தால், சின்னதாக வெட்டும்போது ஒரு துண்டு மஞ்சளாகவும் அடுத்த துண்டு அரக்காகவும் வந்து நட்சத்திரத்தின் ஒரு கால் காணாமல் போகும். கட்டத் துணியை அடித்துணிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நோட்டில் பென்சிலால் மூன்று சாயை மட்டும் தீட்டுங்கள்: வெற்று, லேசாக, அழுத்தி. அதே 24 முக்கோணத்தில் எது வெளிர், எது இருட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நட்சத்திரம் போய்ப் பூவாகும், பூ போய்க் காற்றாடியாகும், சிலது பெட்டி அடுக்கிய மாதிரி எழும்பி நிற்கும். ஒரு சாயங்காலத்தில் எனக்கு 14 டிசைன் வந்தது. நானூறு படம் பார்த்து வராதது.

3. வெளியே போகிற நாளில்

வெயில் தலைகாட்டும் ஒரு நாளில் ஹுமாயூன் கல்லறைக்குப் போய்வாருங்கள். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சிவப்புக் கல்லில் வெள்ளைச் சலவைக்கல் பதித்தது. வளைவுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. நம் 19 புள்ளி நட்சத்திரம் அங்கே கல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். கல் வேலைக்காரர்களும் கோட்டை நம்பவில்லை பாருங்கள். சிவப்புக்கு எதிரே வெள்ளை, அதனால் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிகிறது. ஜாலி (கல்லில் துளைத்துச் செதுக்கிய) ஜன்னல்களையும் தரையையும் விடாதீர்கள். முழுக் கட்டடத்தைப் படம் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒரு ஜாலியில் ஒரே ஒரு துண்டு, திரும்பத் திரும்ப வருகிற அந்த ஒரு அலகு, அது போதும்.

பிரகதி மைதானம் பக்கத்தில் தேசிய கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. வங்காளத்துக் காந்தாவை அங்கே கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டு வந்த வேலை அது.

நோட்டும் கணக்கும் ஒத்துவராதவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் இருக்கும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று. ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் துண்டு மேல் துண்டாக வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், நான்கு மூலையிலும் மடித்த துணியில் சின்ன முக்கோணம் வைப்பார்கள். இன்னொன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலுக்குப் போட்டுப்போன பழைய டெனிமையும் சட்டையையும் கிழித்துக் குளிருக்காகத் தைத்த போர்வைகள். 2006இல் அந்நாட்டு அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. முழங்கால் தேய்ந்த இடத்தில் நிறம் மங்கியிருப்பதையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள். பார்த்தால் நம் வீட்டுப் பழைய லுங்கியை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

4. சுவரில் வைத்துப் பார்ப்பது, வெட்டுவது

மெல்லிய பஞ்சுபஞ்சான கம்பளி ஒன்றை அலமாரி மேல் தொங்கவிடுங்கள். காட்டன் துண்டுகளை அதில் வைத்து அழுத்தினால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் 12இலிருந்து 2க்குள் பாருங்கள். மூடுபனி நாளில் டியூப்லைட்டில் கலர் முடிவு செய்யாதீர்கள், நீலமும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும்.

முக்கோணத்தின் உயரம் தைத்த பிறகு 3 இஞ்ச் வர வேண்டும் என்றால் துணிப் பட்டையை 3¾ இஞ்ச் அகலத்தில் வெட்டுங்கள். நேர்ப்புள்ளிச் சதுரம் என்றால் 3 இஞ்சுக்கு 3½. தையலுக்கு கால் இஞ்ச், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 12 சதுரம் சேர்ந்தால் 11 தையல். ஒவ்வொன்றிலும் கால் இஞ்சுக்குப் பதில் ⅜ போனால் வரிசை 2¾ இஞ்ச் குறைந்துவிடும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

முக்கோணத்துக்கு ஸ்வீட் டப்பா அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டால் போதும். ரோட்டரி கட்டர் (துணி வெட்டும் உருளும் வட்டக் கத்தி) நல்ல சாமான், ஆனால் கீழே வைக்கிற மேட் சேர்த்து வாங்க முடியாவிட்டால் கட்டரையும் வாங்காதீர்கள். நல்ல கத்தரிக்கோல் ஒன்றைத் துணிக்கென்று தனியாக வையுங்கள், அதில் பேப்பர் வெட்டவிடாதீர்கள்.

துணி போதவில்லை என்றால் கன்னாட் பிளேஸ் சங்கர் மார்க்கெட்டில் மீட்டரில் வாங்கலாம். மங்கோல்புரி கத்ரன் மார்க்கெட்டில் வெட்டுத்துண்டு கிலோ கணக்கில் கிடைக்கும், போகும்போது வெளிர் நிறம் மட்டும் தேடுங்கள். இருட்டு நிறம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

பொங்கலுக்கு அப்புறம் சேர்த்தது

இரண்டு மூன்று பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தார்கள்: பழைய புடவையில் வெட்டிய முக்கோணம் இழுபட்டு, வரிசைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று. நான் சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். முக்கோணத்தில் ஒரு பக்கமாவது துணியின் இழைக்குச் சாய்வாக, மூலைவாட்டில் விழும், அது இழுபடத்தான் செய்யும். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியை நாலு பங்கு தண்ணீர் விட்டு வடிகட்டி, தெளிப்பானில் ஊற்றித் தெளித்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். முக்கி எடுத்துக் காயப்போட்டால் இந்தப் பனியில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, புளித்த வாடை வந்துவிடும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. இஸ்திரியை அழுத்தி வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள்.

கஞ்சி போட்டுத் தைத்ததைத் துவைக்காமல் பெட்டியில் வைக்கக் கூடாது, பூச்சி அரிக்கும். முழு ரஜாயும் முடிந்து ஓரம் கட்டியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. சுங்குடி, செட்டிநாடு இரண்டுக்கும் சாயம் போகும் வாய்ப்பு உண்டு, அதனால் வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். கறை ஒட்டினால் அந்தத் துணியை வேட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.