ஆஸ்பத்திரி வேலைக்கு வர்ற ஸ்பீச் தெரபிஸ்ட்டுக தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் ஆஸ்பத்திரிகள்ல இப்ப ஸ்பீச் தெரபிஸ்ட்டை வார்டுக்குள்ளயும் ஐ.சி.யு.க்குள்ளயும், நோயாளி புரையேறாம முழுங்கறாரான்னு பார்க்க, கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க, முன்னெல்லாம் நம்மளைத் திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைக்கும் மட்டும்தான் தேடுவாங்க. வர்ற பசங்க நல்லா படிச்சவங்க, எங்களை விட நெறைய தெரியும். ஆனா வார்டுல பக்கத்துல நின்னு பார்த்தா நாங்கெல்லாம் ஆரம்பத்துல பண்ணின அதே தப்புகளை வரிசையா பண்றாங்க. அதுக்காகத்தான் இது. கை கழுவறது, கேஸ் ஹிஸ்டரி, நோயாளி முழிச்சு நெதானமா இருக்காரான்னு பார்க்கறது இதெல்லாம் காலேஜ்லயே சொல்லிக் குடுத்திருப்பாங்க, நான் எழுதல.

ஆர்.சி.ஐ. நம்பர் வர்றதுக்கு முந்தியே வேலையை ஆரம்பிக்கறது

ஆர்.சி.ஐ.ங்கறது நம்ம தொழிலுக்குப் பதிவு நம்பர் குடுக்கற மத்திய அரசோட கவுன்சில். 1992-ம் வருஷத்து ஆர்.சி.ஐ. சட்டப்படி பதிவு இல்லாம பிராக்டிஸ் பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 1000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். "சேந்துக்கோங்க, நம்பர் பொறவு பாத்துக்கலாம்"னு எந்த மேனேஜ்மென்ட் சொன்னாலும் நம்பர் வந்ததும் வர்றேனுங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க.

இருமல் வரல, அதனால பயமில்ல

ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்து, கழுத்துல விரல் வெச்சு, இருமல் இல்ல, குரல் மாறல, சரி வாய்ல குடுக்கலாம்னு எழுதிடறாங்க. மூச்சுக்குழாய்க்குள்ள தண்ணி எறங்கியும் ஒரு செருமல் கூட இல்லாம படுத்திருக்கற நோயாளி எத்தனையோ பேரு. 1996-ல ரோசன்பெக்கும் அவங்க கூட இருந்தவங்களும் போட்ட 8 படி அளவுகோல்ல கடைசிப் படியே அதுதான், குரல் நாணுக்குக் கீழ போயிருச்சு, வெளிய தள்ள உடம்பு முயற்சியே பண்ணல. அந்த மாதிரி ஆளைக் கண்டுபிடிக்க பெட் பக்கத்துல நின்னு பார்க்கறது பத்தாது, ஃபீஸோ (மூக்கு வழியா கேமரா ஸ்கோப் உட்டு முழுங்கறதைப் பார்க்கற டெஸ்ட்) வீடியோ ஃப்ளூரோவோ (முழுங்கறதை எக்ஸ்ரே வீடியோவா பார்க்கறது) வேணும். உங்க ஆஸ்பத்திரில ரெண்டும் இல்லைன்னா "சத்தமில்லாம புரையேறுதான்னு இங்க உறுதி சொல்ல முடியாது, இன்ன காரணத்தால சந்தேகம் இருக்கு"ன்னு தெளிவா எழுதி, இருக்கற எடத்துக்கு அனுப்புங்க. அப்படி எழுதறது நம்மளைக் கொறைச்சுக் காட்டும்னு நெனைக்கறாங்க. நல்ல நியூராலஜிஸ்ட் யாரும் அப்படி நெனைக்கறதில்ல.

கேக் ரிஃப்ளெக்ஸை வெச்சு முடிவெடுக்கறது

எடுக்காதீங்க. தொண்டையைத் தொட்டா வர்ற அந்தக் குமட்டல் இல்லாமலே நல்லா முழுங்கறவங்க இருக்காங்க, இருந்தும் புரையேறறவங்க இருக்காங்க.

ஊட்டறவங்களை விட்டுட்டு ஃபைல் வெச்சிருக்கறவங்ககிட்ட பேசறது

இதை மட்டும் நீளமா எழுதறேன், ஏன்னா இத்தனை வருஷம் கழிச்சும் இதைப் பார்த்தா எனக்கு ஆத்திரம்தான் வருது.

ஒரு பெரியவர், பக்கவாதம், தாராபுரம் பக்கம் தோட்டத்துக் குடும்பம். மூக்கு டியூப்பை எடுத்துட்டு வாய்ல குடுக்கலாம்னு முடிவாச்சு. ஜூனியர் பொண்ணு டெஸ்ட்டெல்லாம் ஒழுங்காத்தான் பண்ணிச்சு, அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. தண்ணியைக் கெட்டியாக்கிக் குடுக்கணும், சோத்தை மைய மசிச்சுக் குடுக்கணும், நிமிந்து உக்கார வெக்கணும், எல்லாம் சரியான முடிவு. ஆனா அதைச் சொன்னது பையன்கிட்ட. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல இருக்கறவரு, இங்கிலீஷ்ல கேள்வி கேட்டாரு, ஃபைல் அவரு கைல இருந்துச்சு, பில்லும் அவருதான் கட்டினாரு, அவருகிட்டப் பேசறது சுலபமா இருந்துச்சு, பேசியாச்சு, அச்சடிச்ச தாளையும் குடுத்தாச்சு, கவுன்சலிங் முடிஞ்சதுன்னு கேஸ் ஷீட்லயும் எழுதியாச்சு. அந்த நேரம் மருமக பிளாஸ்க்கோட கீழ கேன்டீன்ல சுடுதண்ணிக்கு நின்னுட்டு இருந்துச்சு. பெரியவருக்குக் காலைலயும் ராத்திரியும் ஊட்டறது அந்த மருமக, மத்தியானம் பெரியவரோட சம்சாரம். பையன் ஞாயித்துக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வந்துட்டுப் போறவரு.

கொஞ்ச நாள்லயே காய்ச்சல், நெஞ்செல்லாம் சளி, மூச்சு வாங்கிட்டு ஐ.சி.யு.க்குத் திரும்பி வந்தாங்க. நான் போயி அந்த மருமககிட்ட "என்ன கண்ணு குடுத்தே, எப்படிக் குடுத்தே"ன்னு கேட்டேன். "கெட்டியாத்தானுங்க குடுக்கச் சொன்னாங்கன்னு இவிய சொன்னாங்க. ரசஞ்சோறு நல்லாக் கரைச்சு, கயித்துக் கட்டல்லயே தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சு ஊட்டி உட்டேனுங்க. மாத்திரைக்கு மட்டுந்தானுங்க மாமனுக்குத் தண்ணி குடுத்தேன், அதும் ஒரே டம்ளரு"ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மேல எள்ளளவும் தப்பில்ல. தாளு பையனோட காருக்குள்ள கெடந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கறவை மாடு ரெண்டு சந்தைக்குப் போச்சு.

அந்த மருமக சொன்னதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க. ரசஞ்சோறு வாய்க்குள்ள போனதும் ரசம் தனியா தொண்டைக்கு ஓடிரும், பருக்கை வாய்லயே நிக்கும், கெட்டியும் தண்ணியும் கலந்த சாப்பாடுதான் இவங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டமானது. கயித்துக் கட்டல் நடுவுல தொய்யும், தலகாணி எத்தனை வெச்சாலும் ஆளு நிமிந்து உக்கார மாட்டாரு, கழுத்து மட்டும் மடங்கும், இடுப்பு உள்ள போயிரும். தண்ணியைக் கெட்டியாக்கச் சொல்லிட்டு மாத்திரையைப் பத்தி வாயே திறக்கலைன்னா மாத்திரைக்கு வெறுந்தண்ணிதான் குடுப்பாங்க, வேற எப்படிக் குடுப்பாங்க? இது மூணையும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட நின்னு பார்த்திருந்தா அந்த ஜூனியரே கண்டுபிடிச்சிருக்கும்.

1998-ல லாங்மோர் குழுவோட ஆய்வு வந்துச்சு, வயசானவங்களுக்கு எதனால அஸ்பிரேஷன் நிமோனியா, அதாவது புரையேறினது நுரையீரலுக்குள்ள போயி வர்ற நிமோனியா, வருதுன்னு. முழுங்கறதுல கோளாறு இருக்கறது மட்டுமே பெரும்பாலும் நிமோனியாவைக் கொண்டு வந்துறதில்லைன்னு அதுல சொல்றாங்க. அடுத்தவங்க ஊட்டி உட்டாத்தான் சாப்பிட முடியும்ங்கற நெலமை, வாயைக் கழுவி உடறதுக்கும் அடுத்தவங்க வேணும்ங்கற நெலமை, சொத்தைப் பல்லு இதெல்லாம்தான் முன்னால நிக்குது. பரீட்சைக்கு எல்லாரும் படிச்சதுதான். ஆனா ஊட்டற கை யாரோடதுன்னு வார்டுல யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

அதனால மொதக் கேள்வியே "ஏனுங்க, ஊட்டுல இவருக்குச் சோறு ஊட்டப் போறது யாருங்க?"ன்னு இருக்கட்டும். ரெண்டு பேருன்னா ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. பையன் அவசரப்படுவாரு, நானே சொல்லிக்கறேன்பாரு, மரியாதையா "இல்லீங்க, அம்மிணி வந்துரட்டும்"னு சொல்லிட்டுக் காத்திருங்க. ஓ.பி. நேரத்துல போகாதீங்க, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போங்க, வீட்டுல இருந்து வந்த டிபன் கேரியரைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. நம்ம பக்கம் அரிசிம்பருப்புச் சோறு வரும், அதுல நெய்யோ பருப்புத் தண்ணியோ உட்டு மிக்ஸில மைய அடிச்சா நல்லாவே முழுங்குவாங்க. ராகிக் களி மெதுவாத்தான இருக்குன்னு குடுப்பாங்க, அது மேலண்ணத்துல ஒட்டும், வேண்டாம். கம்மங்கூழ்ல சின்ன வெங்காயம் கெடக்கும். சந்தகையைத் தேங்காப்பால்ல போட்டா அதும் ரசஞ்சோறு கணக்குத்தான். இட்லியைச் சாம்பார்ல ஊற உட்டாலும் அப்படித்தான். இதையெல்லாம் அவங்க கேரியரைக் காமிச்சே சொன்னாத்தான் மனசுல நிக்கும், பிரெட்டும் புட்டிங்கும் போட்ட தாளு எதுக்கும் ஆகாது.

கெட்டி எவ்வளவுன்னு கைல காமிங்க. சாப்பாடும் தண்ணியும் எவ்வளவு கெட்டின்னு லெவல் லெவலா பிரிக்கற இட்சி (IDDSI) முறைல 10 மில்லி சிரிஞ்ச் போதும், கீழ விரலை வெச்சு அடைச்சு 10 மில்லி ஊத்தி, விரலை எடுத்து 10 வினாடி உடணும், உள்ள 4-ல இருந்து 8 மில்லி மிச்சம் நின்னா லெவல் 2, 8-க்கு மேல நின்னாலும் இன்னும் சொட்டிட்டே இருந்தா லெவல் 3. சிரிஞ்ச்ல சைபர்ல இருந்து 10 வரைக்கும் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கணும், எல்லாக் கம்பெனி சிரிஞ்ச்சும் ஒரே அளவு இல்ல, அதனால நீங்களே பார்த்து ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க. ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால குடுக்கற சூட்டுல வெச்சுத்தான் அளக்கணும். மாவுல செஞ்ச திக்கனர் (தண்ணியைக் கெட்டியாக்கற பொடி) எச்சி பட்டா இளகிரும், வாய்ல வெச்ச ஸ்பூனைத் திரும்ப அதே போசிக்குள்ள உட்டா கடைசி வாய் வெறும் தண்ணியா இருக்கும். இதையெல்லாம் சொன்னதுக்கப்புறம் நீங்க கையைக் கட்டிட்டு நில்லுங்க, அவங்க ஊட்டட்டும். முழுங்கின பொறவு செயல் இல்லாத பக்கத்துக் கன்னத்துல சோறு தங்கியிருக்கான்னு அவங்களே பார்க்கட்டும். சாப்பிட்டதும் சாய்க்காம அரை மணி நேரம் உக்கார வெக்கணும், வாயைத் தொடைச்சு உடணும்னு அவங்க வாயால சொல்லட்டும். அவங்க போன்லயே வீடியோ எடுத்துக்கச் சொல்லுங்க, மாமியாருக்கும் காமிச்சுக்குவாங்க.

மாத்திரைக்கு டியூட்டி டாக்டர்கிட்டயும் பார்மசிலயும் கேளுங்க, மெதுவா கரையற மாத்திரைகளைப் பொடி பண்ணக் கூடாது. கேஸ் ஷீட்ல யாருக்குச் சொன்னீங்க, அவங்க என்ன பண்ணிக் காமிச்சாங்க, எதுல தடுமாறினாங்கன்னு எழுதுங்க. வீட்டுக்குப் போன ரெண்டு மூணு நாள்ல ஒரு போன், அதையும் ஊட்டறவங்க நம்பருக்கே போடுங்க.

எல்லாருக்கும் திக்கனர்

சந்தேகமா இருந்தா கெட்டியாக்கிரலாம்ங்கறது ஒரு பழக்கமாவே ஆயிருச்சு. கெட்டித் தண்ணி யாருக்கும் பிடிக்காது, கொஞ்சமாத்தான் குடிப்பாங்க, சித்திரை வெயில்ல ஒடம்புல தண்ணி வத்திரும். ரொம்பக் கெட்டியா இருந்தா சில பேருக்குத் தொண்டைல தங்கறதும் எச்சாகும். எழுதறப்பவே எதுக்காக எழுதறீங்க, எப்ப திரும்பப் பார்ப்பீங்கன்னு தேதியையும் போடுங்க. தேதி போடாத திக்கனர் டப்பா ஆறு மாசம் கழிச்சும் அந்த வீட்டுல ஓடிட்டு இருக்கும்.

கஃப் ஊதி இருக்கும்போது ஸ்பீக்கிங் வால்வ்

கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்க்குள்ள வெச்ச டியூப்பைச் சுத்தி இருக்கற பலூன்தான் கஃப், பேசறதுக்காக அந்த டியூப் மேல மாட்டற ஒருவழி மூடிதான் வால்வ். கஃப் ஊதி இருந்தா காத்து உள்ள போகும், வெளிய வர வழியிருக்காது. கஃப் முழுசா எறங்கினதைக் கண்ணால பார்க்காம வால்வைத் தொடாதீங்க.

சர்ட்டிஃபிகேட் சேர்க்கறது

நம்மளை மாதிரி ஸ்பீச் தெரபிஸ்ட்டான லாங்மோர் 1988-ல ஃபீஸ் டெஸ்ட்டைப் பத்தி எழுதினதுல இருந்து அது நம்ம தொழிலுக்குச் சொந்தம்தான், கத்துக்கறது நல்லது. ஆனா ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சு சர்ட்டிஃபிகேட்டோட வர்றாங்க, ஆஸ்பத்திரில ஸ்கோப் ஈ.என்.டி. ரூம்ல இருக்கு, கைல கெடைக்காது, ஒரு வருஷத்துல மறந்துரும். அதுக்குப் பதிலா ஈ.என்.டி. டாக்டர்கிட்டக் கேட்டு அவரு ஸ்கோப் போடறப்ப பக்கத்துல நில்லுங்க, பதிவை ஒட்டுக்கா உக்காந்து பாருங்க, என்ன தெரியுதுன்னு நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்பறம் கோர்ஸ் போனா பத்து மடங்கு ஏறும். திம்பம் ஏறி மைசூர்ல இருக்கற ஆயிஷ்ல (மத்திய அரசோட பேச்சு, கேட்டல் கல்வி நிறுவனம்) எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படறவங்களும் ஒரு வருஷமாச்சும் வார்டுல இருந்துட்டுப் போங்க, என்ன கேள்வி கேக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

ரெஃபரல் தானா வரும்னு ரூம்ல உக்காந்திருக்கறது

வராது. காலைல நியூரோ ரவுண்ட்ஸ்ல பின்னால போயி நில்லுங்க. நர்ஸ் அக்காங்க டியூட்டி மாத்தற நேரத்துல அஞ்சு நிமிஷம் கேட்டு, மொத வாய் குடுக்கறதுக்கு முந்தி எப்படி ஸ்கிரீன் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க, யாரை உங்ககிட்ட அனுப்பணும்னு அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். நோயாளியோட சொந்தக்காரங்க முன்னால நர்ஸைத் திருத்தாதீங்க, அப்படித் திருத்தின தெரபிஸ்ட்டுக்கு அந்த வார்டுல இருந்து அப்பறம் ஒரு தகவலும் வராது.

மாசா மாசம் ஒரு கணக்கு வெச்சுக்கோங்க, எத்தனை பேரைப் பார்த்தீங்க, டியூப்ல இருந்து வாய்க்கு எத்தனை பேரு வந்தாங்க, வீட்டுக்குப் போனவங்கள்ல நிமோனியாவோட எத்தனை பேரு திரும்பி வந்தாங்க. நல்லது கெட்டது ரெண்டும் இருக்கட்டும். சம்பளம் பேசப் போறப்ப நோட்டை டேபிள் மேல வைங்க. எத்தனை வருஷ அனுபவம்னு மட்டும் சொன்னா நிர்வாகத்துக்குப் புரியாது, இத்தனை பேரு சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்கன்னா புரியும்.

ஹோம் விசிட்டுக்குக் காசு பேசாம போறது

"நம்ம சொந்தந்தானுங்க, வந்துட்டுப் போங்க"ன்னு கூப்பிடுவாங்க. காங்கயம் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போயிட்டு வர்றதுன்னா அரை நாள் போயிரும். ஃபீஸையும் பெட்ரோலையும் போன்லயே சொல்லிருங்க, முடியாதவங்களுக்குக் கொறைக்கறதையும் அப்பவே சொல்லிருங்க. போனா வீட்டு நோட்ஸையும் வார்டு நோட்ஸ் மாதிரியே முழுசா எழுதி, அன்னைக்கே ஒரு காப்பியை அவங்களைப் பார்க்கற டாக்டருக்கு அனுப்பிருங்க.