பால், கோதுமை ஆகாத குழந்தைக்குப் பெங்களூரில் என்ன சமைக்கலாம்?

குழந்தைக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்ததும் பல வீடுகளில் பால், கோதுமை, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது அரிசிக் கஞ்சியும் வாழைப்பழமும்தான். பேதி நிற்கலாம், ஆனால் எடை ஏறுவதும் நின்றுவிடும். நிறுத்த வேண்டியதை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்திய ஒவ்வொன்றுக்கும் ஈடாக இன்னொன்று தட்டில் இருக்க வேண்டும். கீழே உள்ளவை ஆறு மாதம் முடிந்து, பாலோ கோதுமையோ ஆகாது என்று குழந்தை மருத்துவர் சொன்ன பிள்ளைகளுக்கு.

முதலில் எது ஆகவில்லை?

பால் ஆகவில்லை என்பதில் இரண்டு வகை உண்டு. பேதி வந்த பிறகு குடல் ஆறும்வரை சில வாரங்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் போவது ஒன்று. அது தானாகச் சரியாகும், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பசும்பாலின் புரதமே ஆகாமல் போவது இன்னொன்று. மலத்தில் சளி அல்லது ரத்தம், விடாத கரப்பான் (தோலில் அரிப்போடு வரும் தடிப்பு), அடிக்கடி வாந்தி இதன் அடையாளங்கள். இந்த வகையில் லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது. ஆட்டுப்பால், எருமைப்பால், ஏ2 பால் எதுவும் மாற்று ஆகாது, ஏனென்றால் அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதேதான். தயிரும் மோரும் அப்படியே. நெய்யில்கூடப் புரதம் துளி ஒட்டியிருக்கும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நெய்க்குப் பதில் எண்ணெய்தான்.

உறுதி செய்யும் வழி எளிது. 2 முதல் 4 வாரம் பாலை முழுக்க நிறுத்தி, பிறகு மருத்துவர் சொற்படி மறுபடி கொடுத்துப் பார்ப்பது. தொல்லை நின்று, திரும்பவும் வந்தால் அதுதான் காரணம். நூறு உணவுகளுக்குப் பட்டியல் போட்டுத் தரும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியதைத்தான் அது காட்டும், ஆகாததை அல்ல.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பு துவண்டால் 108ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரம் கழித்து, தடிப்பு எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளுத்துச் சோர்ந்தாலும் அவசரம்தான். அரிசிக்கும் இப்படி ஆகும் குழந்தைகள் உண்டு. அதைச் சாதாரண வாந்தி என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேழ்வரகுக் கூழ், சரியான பக்குவத்தில்

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் குழந்தை ஒரு நாளில் சாப்பிடுவது 20 கிராம் மாவு, அதாவது 70 மில்லிகிராம்தான். ஒரு வயதுக்குள் அன்றாடத் தேவை 300. மீதி தாய்ப்பாலிலிருந்தோ, மருத்துவர் எழுதித் தரும் புரதம் சிதைத்த பவுடர்ப் பாலிலிருந்தோதான் வர வேண்டும். ராகி கொடுக்கிறோமே, பவுடர்ப் பால் எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். தேங்காய்ப் பால், பாதாம் பால் இரண்டும் அந்த இடத்தை நிரப்பாது. சமையலில் சேர்க்கலாம், அவ்வளவே.

கால் கிலோ கேழ்வரகை நன்றாகக் களைந்து 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் முளைவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம், சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் நிழலில், மின்விசிறிக்குக் கீழே உலர்த்துங்கள். மழை நாளில் இந்த இடத்தில்தான் கெடும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், மாவில் அது கண்ணுக்குத் தெரியாது. பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். பிறகு சிறு தீயில் கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் புரட்டி, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள்.

முளைகட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முளைத்த தானியத்தில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் கூழ் கெட்டியாகாது. சாதாரண மாவில் முக்கால் கப் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டிதான் தாங்கும். முளைகட்டிய மாவில் 2 மேசைக்கரண்டி போட்டாலும் ஸ்பூனில் ஓடும். சின்ன வயிற்றுக்குள் அதே அளவில் இரண்டு மடங்கு சாப்பாடு போகிறது. வாசனைக்காகச் சிவக்க வறுத்தால் நொதி அழிந்துவிடும், பாடுபட்டதெல்லாம் வீண்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். சிறு தீயில் விடாமல் கிளறி 7 அல்லது 8 நிமிடம். பச்சை மாவு வாடை போய் மேலே மினுமினுப்பு வரும். ஆறும்போது இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கி, 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், பாதி ஏலக்கி வாழைப்பழம் மசித்துச் சேருங்கள். ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க் கிருமியின் விதைகளை (ஸ்போர்) சிசுவின் குடலால் தாங்க முடியாது.

நெய் இல்லாத பருப்பு சாதம்

பச்சரிசி 2 பங்கு, பாசிப்பருப்பு 1 பங்கு. மேசைக்கரண்டிக் கணக்கில் 2க்கு 1 எடுத்து, ஒரு துண்டு மஞ்சள் பூசணி, சிட்டிகை மஞ்சள்தூள், 1 கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் 5 விசில். மசித்து 1 தேக்கரண்டி எண்ணெயில் சீரகம் தாளித்துக் கொட்டுங்கள். அந்த ஒரு தேக்கரண்டியில் 45 கலோரி இருக்கிறது, அதைத் தவிர்க்காதீர்கள். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் பருப்பிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். அசைவ வீடுகளில் வாரம் ஒருமுறை வேகவைத்த கோழி ஈரல் ஒரு சிறு துண்டை இதோடு மசிக்கலாம். முருங்கை இலையை நரம்பு நீக்கி, ஒரு மேசைக்கரண்டி வேகவைத்து அரைத்துப் போடுங்கள். அவரைக்காய் காலத்தில் பிதுக்கம்பருப்பு கிடைக்கும், அது தோலில்லாமல் வெண்ணெய் போல் மசியும்.

கோதுமை ஆகாத குழந்தைக்குப் பெருங்காயம் போடாதீர்கள். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ரவை, சேமியா, பிஸ்கட், பன் எல்லாம் கோதுமைதான் என்பது தெரிந்ததே. தெரியாமல் போவது அரவை மில். முன்னால் அரைத்தவரின் கோதுமை, இயந்திரத்துக்குள் மிச்சம் இருக்கும். அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள், அல்லது வீட்டு மிக்சியே போதும். கடையில் 'ராகி ஸரி' என்று விற்கும் கூழ் மாவுக் கலவைகளில் கோதுமை, பாதாம், முந்திரி கலந்தவையும் உண்டு. உறையில் எந்த ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம், அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேசின், வே, மில்க் சாலிட்ஸ் மூன்றும் பால்தான்.

கையில் பிடித்துச் சாப்பிட

எட்டு, ஒன்பது மாதத்தில் இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். வீட்டு அரிசி உளுந்து மாவில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. பெங்களூர்க் குளிரில் மாவு புளிக்க 12 முதல் 14 மணி நேரம் ஆகும், அவசரப்பட்டு ஊற்றினால் இட்லி கல்லாகித் தொண்டையில் அடைக்கும். ஹோட்டல் இட்லி வேண்டாம். ரவை இட்லியில் கோதுமையும் தயிரும் இருக்கும், தோசைக்கல்லில் வெண்ணெய் இருக்கும். நேந்திரம்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட் எல்லாம் இரு விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரை வேக வேண்டும்.

அளவு, 6 மாதத்தில் வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி. 8 மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி. ஒரு வயதில் முக்கால் கிண்ணம்.

புது உணவு

ஒரு நேரத்தில் ஒன்றுதான். காலையில் கால் தேக்கரண்டி, மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. ராத்திரி கொடுத்தால் குழந்தை தூங்கும்போது என்ன ஆகிறது என்று தெரியாது. பால் ஆகாது என்பதற்காக முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போட வேண்டாம். கடுமையான கரப்பான் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு, முழுக்க வெந்த முட்டையையும், மென்மையாக அரைத்துக் கூழில் கரைத்த வேர்க்கடலையையும் கொடுக்கலாம். தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. வேர்க்கடலையைச் சீக்கிரம் கொடுத்தால் குறைகிறது என்று 2015இல் வெளியான ஆய்வே காட்டியிருக்கிறது. முழுக் கடலை மட்டும் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

டே கேரில் விடுகிறவர்கள் ஆயாவிடம் கன்னடத்திலேயே சொல்லுங்கள்: ஹாலு, மொசரு, பெண்ணெ, துப்பா, நாலும் பேடா (பால், தயிர், வெண்ணெய், நெய், நாலும் வேண்டாம்). கோதுமைக்கு 'கோதி'. எழுதி டப்பா மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு சொட்டு நெய் என்ன செய்துவிடும் என்று கேட்கும் பாட்டிக்கு, சண்டை போடாமல், தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையே கையில் கொடுத்துவிடலாம். அன்னப்பிராசனத்துக்கு தேங்காய்ப் பாலில் குழைய வேகவைத்த சாதம் போதும்.

பால் நிறுத்தி ஆறு மாதம் ஆனதும், அல்லது 9 முதல் 12 மாத வயதில், மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் பால் ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். மாவோடு சேர்த்து நன்றாகச் சுட்ட பண்டத்தில் உள்ள பால்தான் முதல் படி, தம்ளர்ப் பால் கடைசிப் படி. முன்பு வீக்கமோ மூச்சிழைப்போ வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது, மருத்துவமனையில்தான்.