"ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில், புதிதாகச் சேர்ந்த சட்டத் தன்னார்வலர் பையன் ஒருவன், மனநிலை பாதிக்கப்பட்ட மகன் மேல் வழக்கு வந்திருந்த ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தான். "சின்ன கேஸ்தாம்மா. ஒத்துக்கச் சொல்லுங்க, அபராதம் கட்டிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்." சில வருடங்களுக்கு முன் நானே சொன்ன வார்த்தை. பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடிக்கு அவனைக் கூட்டிப்போய்ச் சொன்னதைத்தான், நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக, இங்கே எழுதுகிறேன்.

அடிக்கக் கூடாது, சங்கிலி போடக் கூடாது என்பதற்கெல்லாம் போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா ஊரில், மனநலக் காப்பகத்தில் கட்டிப்போட்டிருந்த 28 பேரைத் தீயில் பறிகொடுத்த மாவட்டம் இது; அது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்வது

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு மீனவக் கிராமம். முப்பது வயதுக்காரர். காதில் குரல் கேட்கிறது என்று பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர், இடையில் விட்டுவிட்டார். ஒருநாள் விடியற்காலை, பக்கத்து வீட்டுக்காரரின் நண்டு வலை தன்னைப் பற்றிப் புறம் பேசுகிறது என்று கத்தியால் கிழித்துப் போட்டார். வலைக்காரர் கெட்டவர் இல்லை. "அவனுக்குப் புத்தி சரியில்லன்னு ஊருக்கே தெரியும். வலைக்கு யாரு காசு குடுப்பா?" என்றுதான் கேட்டார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அவருடைய அம்மாவிடம் "நல்ல சட்டை போட்டு, தலை சீவிக் கூட்டிட்டு வாங்க" என்றது. இரண்டாவது, "ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்" என்றது. நீதிபதி கேட்டதும் அவர் "ஆமா" என்றார். எதைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு ஆமா என்றுதான் சொல்லியிருப்பார். குளித்துச் சவரம் செய்து கைகட்டி நிற்கிற ஆளைப் பார்த்து நீதிபதிக்கு எப்படிச் சந்தேகம் வரும்? அபராதம் கட்டி வெளியே வந்து டீ குடித்தோம். வேலை தெரிந்தவன் மாதிரி எனக்கு ஒரு பெருமை வேறு.

ஐந்து மாதம். மறுபடியும் வலை. இந்தத் தடவை தடுக்க வந்தவருக்குத் துடுப்படி. முன்னால் ஒரு தண்டனை இருப்பது தாளில் தெரிந்தது, ரிமாண்ட் ஆனது. உள்ளே போகும்போது இவருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்று யாரும் சொல்லவில்லை. "நீங்கதான தம்பி முடிஞ்சிரும்னு சொன்னீக" என்றார் அந்த அம்மா. இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கு எரிச்சலூட்டுகிறது; எரிச்சல் என் மேல்தான்.

அப்புறம்தான் இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து, மருத்துவப் பரிசோதனைக்கு மனுப் போட்டோம். டாக்டர் அறிக்கை வந்தது, அம்மா உறுதிமொழி கொடுத்தார், ஆள் வெளியே வந்தார். இதே மனுவை, இதே பழைய ஓபி சீட்டோடு, முதல் வழக்கிலேயே போட்டிருக்கலாம்.

எதிரில் நிற்பவர் மனநிலை பாதிக்கப்பட்டு, தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிபதி விசாரித்து மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள். அந்தக் காரணத்தை நீதிபதி கண்ணில் காட்டுவதுதான் நம் வேலை. நானோ சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி மறைத்தேன். மனநிலை பாதிப்பால், செய்தது இன்னதென்று தெரியாத நிலையில் செய்தது குற்றமில்லை என்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22வது பிரிவு. ஒத்துக்கொண்டால் அந்தக் கதவையும் நாமே சாத்துகிறோம்.

இன்னொன்று: வலைக்காரருக்கு வேண்டியது வலைக்கான காசு. நஷ்டம் செய்த சின்ன வழக்கில் பாதிக்கப்பட்டவர் சமாதானமாகப் போகச் சட்டத்திலேயே இடமுண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்துத் தவணை பேசியிருக்கலாம். நான் வலைக்காரர் வீட்டுப் படியே ஏறவில்லை.

ஓபி சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவது

ஒரிஜினல் ஒன்று, நகல் மூன்று. பேச்சில்லை.

"தங்கச்சி கல்யாணம் இருக்கு, வெளியே சொல்லாதீங்க"

நீதிபதியிடமும் சிறை டாக்டரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அலைபவரை 'சந்தேக நபர்' ஆக்குவது

நம் கரையில் இது தனித் தொல்லை. ராமேஸ்வரத்தில் யாரோ விட்டுப்போன இந்திக்காரர், பாஷை புரியாமல் கடற்கரையில் நடந்தாலே ஊர் கூடிவிடும், அக்கரை இலங்கை ஆளோ என்று. போலீஸ் வரட்டும், தப்பில்லை. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100வது பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஏட்டையாவிடம் சட்டம் பேசிச் சண்டைக்கு நிற்காதீர்கள். "ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன் ஏட்டையா" என்று சொன்னால் பாதி வேலை முடியும்; ராத்திரி நேரத்தில் அவருக்கும் கூட ஆள் வேண்டும்.

தர்காவா, டாக்டரா என்று வாதாடுவது

ரெண்டும். மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி.

ஜாமீனோடு கை கழுவுவது

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369வது பிரிவில் வெளியே விடுவதே, புறநோயாளியாகத் தொடர்ந்து சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன் என்று உறவினரோ நண்பரோ கொடுக்கும் உறுதிமொழியை நம்பித்தான். அம்மா கையெழுத்துப் போடுவார். ஆனால் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது அண்ணன். அண்ணன் கடலுக்குப் போகும் நாளில், சிகிச்சைக்கான மாத ஊசித் தேதி விழுந்தால் அந்த மாதம் ஊசி இல்லை. விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று கடலைப் பங்கு பிரித்திருக்கும் ஊரில் இதைக் கேட்காமல் தேதி வாங்கக் கூடாது. இப்போதெல்லாம் அண்ணன்காரரிடம் முதலில் கேட்கிறேன்: "உங்களுக்கு எந்தக் கிழமை தொழில் இல்லை?" அந்தக் கிழமையில் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்து, அவர்கள் வீட்டுக் காலண்டரில் நானே வட்டம் போட்டுவிட்டு வருகிறேன்.