இன்ஸ்டாவில் போட்ட காசு திரும்புதா? ஒரு சிப்ஸ் கடைக் கணக்கு

கேரள எல்லையை ஒட்டியிருக்கும் களியக்காவிளையில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப்புறம், கேரளாவின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடலாமா என்று கேட்பவர்களிடம், கிலோவுக்கு என்ன மிஞ்சுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். காய், தேங்காயெண்ணெய், கேஸ், கூலி, பாக்கெட் எல்லாம் போக 80 ரூபாய் என்று வையுங்கள். 1,000 ரூபாய் விளம்பரத்துக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,180. புதிதாக 15 கிலோ விற்றால்தான் போட்டது கைக்கு வரும். லைக்கைக் கொடுத்து எண்ணெய் வாங்க முடியாது.

விளம்பரத்துக்கென்று தனி வாட்ஸ்அப் எண் வையுங்கள். அதில் வரும் ஆர்டரை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். பழைய ஆள் அந்த எண்ணில் வந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர் எப்படியும் வாங்குவார். அதே புது ஆள் மறுபடி வாங்கினால் தாராளமாகச் சேர்க்கலாம்.

விளம்பரத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று இன்ஸ்டா கேட்கும்போது 'கேரளா' என்று மொத்தமாகப் போடாதீர்கள். கேரளாவின் வடகோடியில் இருக்கும் காசர்கோட்டுக்காரர் சிப்ஸுக்காக இங்கே வரப்போவதில்லை. கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் போதும், வாசகம் மலையாளத்தில் இருக்கட்டும்.

ஓணச் சமயத்தில் சோதிக்கவே வேண்டாம். விளம்பரம் இல்லாமலே கூட்டம் வரும், பேரை இன்ஸ்டா தட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு முந்தின கர்க்கடக மாதத்தில் (நம்ம ஆடி), வியாபாரம் மந்தமாகக் கிடக்கும்போது போட்டுப் பாருங்கள்.